சருகுத் தீயும் பெருந்தீயும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் ஐம்பூதங்களைப் பற்றி ஐவர் பேசுவது என்று அமைப்பாளர்கள் வகுத்தார்கள். ஏரிக்கரையில் வாழும் நமக்கு நீரைப் பற்றிப் பேசுவது எளிது. நிலத்தைப் பற்றிப் பேசுவதும் எளிது. என் பங்கிற்குத் தீ வந்தது. தீயை இலக்கியத்தில் மட்டும் தேடிக் கண்டதைச் சொல்லி அமரலாம் என்றுதான் தொடங்கினேன். தேடத் தேட அது என்னைக் காட்டிற்குள் கொண்டுபோய் விட்டது. ஆகவே இன்று நான் பேச விரும்புவது காட்டிற்கு மனிதர் வேண்டுமென்றே வைத்த தீயைப் பற்றி. காட்டை அழிக்க வைத்த தீயை அன்று, காட்டைப் பேண வைத்த தீயைப் பற்றி.

முதலில் நம் இலக்கியம். சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் தீ அன்றாடப் பொருள். மலைச்சரிவைச் சுட்டுப் புனமாக்கித் தினை விதைப்பார்கள். சுட்ட இடத்திலிருந்து அகில் மணக்கும். புதிதாகத் திருத்திய புனத்திற்கு 'இதை' என்றும், பன்னாள் உழுத பழங்கொல்லைக்கு 'முதை' என்றும் தனித்தனிச் சொற்கள் வைத்திருந்தார்கள். சுடுவதும் விடுவதும் மீண்டும் காடாவதும் ஒரு சுழற்சி என்று அறிந்த சமூகத்திற்குத்தான் அத்தகைய சொற்கள் தேவைப்படும். பின்னர் வந்த காப்பியங்களில் தீயின் முகம் மாறுகிறது. காண்டவ வனம் எரிகிறது. தப்ப முயலும் உயிர்களும் எரிகின்றன. மதுரை எரிகிறது. அங்கிருந்து நம் நூற்றாண்டுக் கவிதைவரை தீ பெரும்பாலும் சினம், ஊழி, புரட்சி, தூய்மை ஆகியவற்றின் உருவகமாகவே நிற்கிறது. பாரதியின் அக்கினிக்குஞ்சை நாம் அனைவரும் அறிவோம். தீயின் ஆற்றலுக்கு இளமை முதுமை கிடையாது என்பது அங்கே கவிஞனின் துணிபு. உருவகமாக அது உண்மை. ஆனால் காட்டில் வாழ்ந்தவர்களின் நடைமுறையைப் பார்த்தால், தீயில் இளமையும் முதுமையும் உண்டு, அந்த வேறுபாட்டை அறிந்தவனே காட்டில் பிழைப்பான் என்பது புலப்படும்.

இதைத் தென்னேரியில் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. காடு நிறைவதையும் வடிவதையும் புரிந்துகொள்ள ஏரியைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான தொண்டைமான் இளந்திரையன் பெயரால் 'திரையன் ஏரி' என வழங்கியதே தென்னேரி ஆயிற்று என்று சொல்வதுண்டு. நம் ஏரி எப்படி நிற்கிறது? கரை இருப்பதால் மட்டும் நிற்கவில்லை. கரையில் மதகு இருக்கிறது. மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வரும் நீர் முழுவதையும் பிடித்துவைத்துச் சொட்டும் விடமாட்டேன் என்று ஒருவர் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், அந்த ஊரை எந்தத் தெய்வமும் காப்பாற்றாது. கரை உடைந்த வெள்ளமும் மதகு வழிப் பாய்ந்த நீரும் ஒரே நீர்தான். ஒன்று ஊரைக் கொள்ளும். மற்றது நெல்லை விளைவிக்கும். எப்போது, எவ்வளவு, யார் கையால் என்ற மூன்றுதான் வேறுபாடு.

அந்த மூன்றையும் முறைப்படுத்தியவர்களும் நம் அண்டையார்தான். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைக்காக நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அந்தக் குடவோலை எதற்காக? சம்வத்சர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் ஏரி வாரியத்திற்கும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க. ஏரியைப் பேணும் பொறுப்பை அவர்கள் ஊர்ச்சபையிடம் வைத்தார்கள். யார் அந்தப் பொறுப்புக்குத் தகுதியுடையவர், யார் அல்லர் என்பதைக் கல்லில் வெட்டினார்கள். நீரின் பொறுப்பு நீரால் வாழ்பவர் கையில் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் காட்டிற்குப் போவோம்.

தென்னிந்தியாவின் காடுகளில் பெரும்பகுதி இலையுதிர்காடு. தேக்கும் வேங்கையும் மருதும் கருங்காலியும் நெல்லியும் நிற்கும் காடு. மார்கழி கழிந்ததும் இலை உதிரத் தொடங்கும். தரையில் புல் காயும். ஏரியில் நீர் சேர்வதைப்போல அங்கே சருகு சேரும். ஓராண்டுச் சருகு ஓர் அளவு. அதன்மேல் அடுத்த ஆண்டுச் சருகு, காய்ந்த புல், முறிந்த கிளை, படர்ந்த புதர் என்று சேர்ந்துகொண்டே போனால் அது வேறோர் அளவு. கரையான் தின்பதும் மழையில் மட்குவதும் போக எஞ்சுவது காத்திருக்கிறது. எதற்குக் காத்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நம் பெரும்பொழுதுகள் உதவிக்கு வருகின்றன. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, பிறகு வேனில். முன்பனி முடிந்து பின்பனி தொடங்கும் வேளையில் சருகு மேலாகக் காய்ந்திருக்கும். மண்ணிலும் மரத்திலும் ஈரம் இருக்கும். அப்போது வைத்த தீ முழங்கால் உயரத்தில் தவழும். காற்று பெரிதாக இராது. இரவில் பனி இறங்கும்போது தீ தானே அவியும். ஈரமான பள்ளத்தைக் கண்டதும் நின்றுவிடும். பருத்த பட்டையுடைய மரங்களை அது கருக்கும், கொல்லாது. எரிந்தது எரியாதது என்று காடு திட்டுத்திட்டாகக் கிடக்கும். விலங்குக்கு ஒதுங்க இடம் இருக்கும். அதே சருகை வேனில் முற்றியபின் தீ தொட்டால் நிலை வேறு. வெப்பம் வேரை எட்டும். காற்று தழலை மேலே ஏற்றும். சரிவில் தீ மனிதன் ஓடுவதைவிட விரைவாக ஏறும். முன்னதை இளந்தீ என்றும் பின்னதை முதுதீ என்றும் சொல்லலாம். இளவேனில் முதுவேனில் என்று பிரித்தறிந்த மொழிக்கு இது இயல்பான பிரிவுதான்.

இந்த இளந்தீயை ஆண்டுதோறும் வைத்துக் காட்டைப் பேணியவர்களில் நமக்கு மிக அருகில் உள்ளவர்கள் சோளகர். சத்தியமங்கலம் மலைகளிலும் அவற்றை ஒட்டிக் கருநாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்திலுள்ள பிலிகிரிரங்கன் மலையிலும் வாழும் பழங்குடியினர். தமிழ் வாசகர் பலருக்கு இவர்களை அறிமுகப்படுத்தியது 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல். அவர்கள் பட்ட துன்பத்தை அந்நூலால் அறிந்தோம். அவர்களுடைய அறிவைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு.

பிலிகிரிரங்கன் மலைச் சோளகர் தாம் வைக்கும் தீக்குத் 'தரகு பெங்கி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். தரகு என்றால் சருகு. பெங்கி என்றால் தீ. சருகுத் தீ. பெயரிலேயே எல்லை இருக்கிறது என்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். எரிய வேண்டியது சருகு. மரம் அன்று, காடு அன்று. வறட்சிக் காலத்தின் தொடக்கத்தில், சருகு காய்ந்ததும் இதை வைத்தார்கள். அதற்கு அவர்கள் கூறும் காரணங்கள் பல. புதுப்புல் முளைக்கும், அதைத் தேடி மானும் காட்டெருதும் வரும். அடிக்காடு வெளிச்சமாகும், எதிரில் யானை நிற்பது தெரியும், தேனும் கிழங்கும் நெல்லியும் எடுக்கப் போகிறவருக்கு வழி கிடைக்கும். உண்ணிகள் குறையும்.

இவற்றுள் நெல்லியைப் பற்றிய காரணம் தனியே சொல்லத் தக்கது. காட்டு நெல்லி மரங்களின் கிளைகளில் புல்லுருவி பற்றுகிறது. அது மரத்தின் சாற்றை உறிஞ்சி வளர்ந்து, கிளையை உலரச் செய்து, காய்ப்பைக் குறைத்து, முடிவில் மரத்தையே சாய்க்கிறது. நெல்லி பறித்து விற்பது சோளகரின் வாழ்வாதாரங்களுள் ஒன்று. ஆகவே நெல்லி குறைந்தபோது அவர்கள் பறிக்கும் முறைதான் காரணம் என்று ஐயுற்றவர்கள் உண்டு. சோளகர் வேறொரு காரணம் சொன்னார்கள். முன்பு சருகுத் தீயின் வெப்பத்தில் புல்லுருவி மாண்டது. தீ நின்றது, புல்லுருவி பெருகியது என்றார்கள். இதை ஆராய்ச்சியாளர்கள் புறந்தள்ளவில்லை. அவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, வழிவழி வந்த அறிவு காட்டு மேலாண்மைக்கு எப்படிப் பயன்படும் என்பதற்கு எடுத்துக்காட்டாக 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். பல்கலைக்கழகம் கேட்காத கேள்விக்கு விடை நெல்லி பறிப்பவரிடம் இருந்தது.

பிலிகிரிரங்கன் மலை 1974-ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு அடிப்படை. வேட்டை நின்றது; இடம்விட்டு இடம் மாறிச் செய்த வேளாண்மை நின்றது; சோளகர் காட்டின் உட்பகுதிகளிலிருந்து நிலையான குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தரகு பெங்கியும் நின்றது. சட்டத்தின் நோக்கம் தூயது. வேட்டையால் அழிந்துகொண்டிருந்த உயிர்களைக் காத்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் வேட்டைத் துப்பாக்கியையும் சருகுத் தீயையும் அது ஒரே தட்டில் வைத்தது.

அடுத்து நிகழ்ந்ததை எண்களாகச் சொல்லலாம். உண்ணிச்செடி நம் ஊர் வேலிகளிலும் இருக்கிறது. மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும், கரிய கனி தரும். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. பிலிகிரிரங்கன் மலையில் 1997-ஆம் ஆண்டு ஆய்வுக்காக அளந்து குறித்த இடங்களில் 100-க்கு 41-இல் அது இருந்தது. அதே இடங்களை 2008-ஆம் ஆண்டு மீண்டும் பார்த்தபோது 100-க்கு 81-இல் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் இரட்டிப்பு. அதன் அடர்த்தியும் நான்கு மடங்கு ஆகியிருந்தது. அதன் நிழலில் புல் இல்லை. நாட்டு மரங்களின் கன்றுகள் எழவில்லை. ஆண்டுதோறும் தவழ்ந்த தீ உண்ணிச்செடியின் இளங்கன்றுகளையும் விதைகளையும் எரித்து வந்தது, அது நின்றதும் செடி தலையெடுத்தது என்பது சோளகரின் விளக்கம்.

தீதான் உண்ணிச்செடியைப் பெருக்குகிறது என்று அறிவியலார் சிலர் முன்பு கருதியதும் உண்டு. பெருந்தீ மேற்கிளைகளைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அந்த வெளிச்சத்தில் உண்ணிச்செடி புகுகிறது. அது காய்ந்து அடுத்த பெருந்தீக்கு விறகாகிறது. இரண்டு கருத்தும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். உண்மையில் ஒன்று முதுதீயைப் பற்றியது. மற்றது இளந்தீயைப் பற்றியது. 'தீ' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டியதால் வந்த குழப்பம் இது. சொல் வறுமை அறிவு வறுமையாகும் இடம் இதுவே.

இந்தச் சொல் வறுமை எங்கிருந்து வந்தது? 1864-ஆம் ஆண்டு ஆங்கில அரசு இந்திய வனத்துறையை அமைத்து, ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸை அதன் தலைவராக்கியது. வடக்கு ஐரோப்பாவின் ஈரக்காடுகளில் தீ ஓர் அயலார். அங்கிருந்து வந்த பாடத்தில் தீ காட்டின் பகை. 1878-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கின. மலைமக்கள் காட்டைச் சுட்டுப் பயிரிடும் முறை நாகரிகமற்றது என்று ஒதுக்கப்பட்டது. மரத்தை ரூபாயாகக் கணக்கிட்டவர்களுக்குத் தரையில் ஓடும் தழல் கருவூலத்தில் விழுந்த தழலாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆயினும் அந்த வனத்துறைக்குள்ளேயே கண் திறந்தவர்கள் இருந்தார்கள். பர்மாவில் தேக்குக் காடுகளைப் பல ஆண்டுகள் தீயின்றிக் காத்தபோது, தேக்கு முளைக்காமல் மூங்கிலும் பிற மரங்களும் அடர்ந்தன. தீக்காப்பு மிகையாகிவிட்டது என்று 1896-ஆம் ஆண்டிலேயே ஸ்லேடு என்ற வன அதிகாரி 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் எழுதினார். அதையொட்டிப் பெரும் விவாதம் நடந்தது. மலைமக்கள் அறிந்த ஒன்றை அதிகாரிகள் தம் கணக்கேட்டின் வழியே மெல்லக் கண்டடைந்தார்கள். இன்றும் நம் வனத்துறை தை, மாசி மாதங்களில் சாலையோரங்களிலும் எல்லைகளிலும் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, அவற்றிலுள்ள புல்லையும் சருகையும் தானே எரிக்கிறது. பனிக்காலத்தில் எரித்த இடத்தில் வேனில் தீ நுழையாது என்ற அறிவுதானே அது? கோட்டளவில் ஏற்ற அந்த அறிவைக் காட்டளவில் ஏற்பதில்தான் தயக்கம்.

நண்பர்களே, இதுவரை கேட்டதைக் கொண்டு எல்லாக் காடுகளுக்கும் தீ வைக்கலாம் என்று யாரேனும் எண்ணினால், நான் சொன்னதைவிடப் பெரிய தீமை வேறில்லை. மலையுச்சிச் சோலைகளுக்கும் மழைக்காடுகளுக்கும் தீ ஆகாது. அவற்றின் மரங்களுக்குத் தீயைத் தாங்கும் பட்டை கிடையாது. நம் மாவட்டத்தின் சிறு குன்றுகளிலும் கோயில்காடுகளிலும் எஞ்சியிருக்கும் உலர் பசுங்காட்டிற்கும் தீ ஆகாது. அது இலையுதிர்காடு அன்று. இலையுதிர்காட்டிலும் அளவு உண்டு. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-ஆம் ஆண்டு முதல் 50 ஹெக்டேர் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிட்டுக் கவனித்து வருகிறார்கள். முதுமலையின் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கப் பதிவுகளை அண்மைக்காலப் பதிவுகளோடு ஒப்பிட்டவர்கள், தீ திரும்ப வரும் இடைவெளி மிகக் குறுகிவிட்டதைக் கண்டிருக்கிறார்கள். தீ அடிக்கடி வந்தால் மரக்கன்று மரமாவதற்குக் காலம் கிடைக்காது. தடையால் தீ நிற்கவில்லை என்பதையும் நாம் இதில் காண வேண்டும். முறையறிந்தவர் வைத்த தீ நின்றது. கவனமின்மையாலும் பகையாலும் வேனிலில் பற்றும் தீ நிற்கவில்லை.

முறையறிந்தவர் என்று சொல்வதும் எளிது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு மே மாதம், பூங்காத் துறையினர் திட்டமிட்டு வைத்த தீ காற்றில் கைமீறி லாஸ் அலமோஸ் நகருக்குள் புகுந்து நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீடுகளை எரித்தது. அதே மாநிலத்தில் 2022-ஆம் ஆண்டு வனத்துறை வைத்த தீ தப்பி, அம்மாநிலம் கண்ட மிகப்பெரிய காட்டுத்தீயாக வளர்ந்தது. கருவியும் பயிற்சியும் வானிலைக் கணிப்பும் உடைய நாட்டிலேயே இப்படி. இன்று பிலிகிரிரங்கன் மலைக்குத் திரும்பிச் சென்று தரகு பெங்கி வைக்கலாமா என்றால், உண்ணிச்செடி ஆளுயரத்திற்குமேல் நிற்கிறது. தரையில் வைக்கும் தீ அதை ஏணியாகப் பற்றிக் கிளைகளுக்கு ஏறும். அரைநூற்றாண்டு மூடிவைத்த மதகை ஒரே நாளில் முழுவதும் திறக்க முடியாது. முதலில் செடியை வெட்டி அகற்ற வேண்டும். சிறு சிறு பகுதியாகத் தொடங்க வேண்டும். காற்றையும் ஈரத்தையும் அறிந்தவர் உடன் நிற்க வேண்டும்.

முதுதீ என்ன செய்யும் என்பதை நாம் 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் கண்டோம். காய்ந்த புல் மண்டிய சரிவில் மலையேற்றத்திற்குச் சென்ற இளைஞர்கள் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை ஒரு வாதத்திற்குச் சான்றாக்குவது முறையன்று. அதை நான் செய்யவில்லை. அந்த நாளுக்குப்பின் நம் பேச்சில் காட்டுத்தீ என்றால் அணைக்க வேண்டியது என்ற ஒரு பொருள் மட்டுமே எஞ்சியது என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த அச்சம் இயற்கையானது. ஆனால் அச்சம் மட்டும் காட்டைக் காக்காது.

தீயை அறிந்தவர்களும் சட்டத்தைக் காப்பவர்களும் ஒன்றுசேர முடியுமா என்றால், முடிந்த இடங்கள் உண்டு. மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாட்டின் முதன்மையான உறைவிடம். நீலக்குறிஞ்சி பூக்கும் மலை. அங்கே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் இருந்தவர்கள் தமிழின் கிளைவழக்கைப் பேசும் முதுவர். குளிர்காலத்தில் புல்வெளியைப் பகுதி பகுதியாக, ஓராண்டு ஓரிடம் மறு ஆண்டு வேறிடம் என்று மாற்றி எரித்தார்கள். எரிந்த திட்டில் எழும் இளந்தளிரை வரையாடு நாடும். எரியாத திட்டு அதற்கு மறைவிடம். இடையில் கிடக்கும் கரிந்த திட்டு பெருந்தீக்குத் தடை. 1975-ஆம் ஆண்டு சரணாலயமாகி 1978-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவான பிறகும் முதுவரின் துணையோடு அந்த வழக்கம் நிருவாகத்தில் இடம்பெற்றது. அது புல்வெளி, மரக்காட்டிற்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் கையின் அறிவும் அலுவலகத்தின் ஆணையும் ஒரே மலையில் உடனுறைய முடியும் என்பதற்கு அது சான்று.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. வட ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னெம் நிலத்தில் பழங்குடி மக்கள் தம் நிலத்தைவிட்டு அகன்றபின், வறட்சிக் கடைசியில் பெருந்தீக்கள் மூண்டு நிலத்தை அழித்தன. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ் அம்மக்களின் காவற்குழுக்கள் மீண்டும் வறட்சித் தொடக்கத்திலேயே சிறு தீக்களை வைக்கின்றன. பெருந்தீ குறைந்ததால் வானில் கலக்கும் புகையின் அளவு குறைந்தது. அந்தக் குறைவிற்காகத் தார்வின் நகரின் எரிவாயு ஆலை அவர்களுக்குப் பணம் கொடுத்தது. முன்னோரின் வழக்கம் பேரனுக்கு ஊதியமாயிற்று.

நம் நாட்டிலும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. தாம் வழிவழியாகப் பேணிய காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு அது உரிமை தருகிறது. பிலிகிரிரங்கன் மலை 2011-ஆம் ஆண்டு தொடக்கத்தில் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் சோளகரின் சமூக உரிமைகள் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகத்திற்குள் இவ்வுரிமை கிடைத்தது நாட்டிற்கே முன்மாதிரி. ஆனால் நெல்லி பறிக்கும் உரிமை வந்தது. நெல்லியைக் காத்த தீயின் உரிமை வரவில்லை. வனவிலங்குச் சட்டமோ சரணாலயத்திற்கு ஊறு நேரும்படி தீ வைப்பதைத்தான் குற்றம் என்கிறது. எது ஊறு, எது பேணல் என்பதை யார் கூறுவது? அந்தக் கேள்வியில் சோளகரின் குரலுக்கும் இடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஏரி வாரியத்தில் ஏரியால் வாழாதவரை மட்டும் அமர்த்தியிருந்தால், நம் ஏரிகள் ஆயிரம் ஆண்டு நின்றிருக்குமா?

இதில் காலம் நமக்குச் சாதகமாக இல்லை. 1974-ஆம் ஆண்டு இருபது வயதில் தந்தையின் பின்னே சென்று சருகுத் தீ வைத்த ஒருவர் இன்று எழுபதைக் கடந்திருப்பார். எந்தப் பள்ளத்தில் தீ நிற்கும், எந்தக் காற்றில் வைக்கக் கூடாது, சருகை எடுத்துக் கசக்கினால் என்ன ஒலி வர வேண்டும் என்ற அறிவு ஏட்டில் இல்லை. கையிலும் காதிலும் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த இரண்டு தலைமுறைகள் அதைச் செய்து பார்க்கவில்லை. செய்து பார்க்காத அறிவு கதையாகிறது; பிறகு கதையும் மறைகிறது. ஓலைச்சுவடிகள் கரையானுக்கு இரையாகும் முன்பு உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார் என்று நாம் மகிழ்ந்து சொல்கிறோம். இந்தச் சுவடிகள் நடமாடும் சுவடிகள். இவற்றுக்கு ஆயுள் இன்னும் குறைவு.

ஒரு கவிதை அமைப்பின் விழாவில் இவற்றையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்களானால், விடை இதுதான். காட்டைக் காப்பது அரசின் பணி, அறிஞரின் பணி, அங்கு வாழ்பவரின் பணி. சொல்லைக் காப்பது நம் பணி. 'கட்டுப்படுத்தப்பட்ட எரிப்பு' என்று அலுவலகத் தமிழ் சொல்கிறது. அதில் பருவம் இல்லை, அளவு இல்லை, மனிதன் இல்லை. சருகுத் தீ என்று சோளகர் சொல்லும்போது மூன்றும் இருக்கின்றன. இதை, முதை என்று பிரித்த மொழியில் காட்டுத்தீ என்ற ஒரே சொல்லோடு நாம் நின்றுவிட்டோம். கையில் தீயோடு காட்டில் நிற்கும் மனிதன் நம் செய்திகளில் குற்றவாளியாகவும் நம் கவிதைகளில் படிமமாகவும் மட்டுமே இருக்கிறான். அவன் உழவனாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்தை மொழிக்குள் கொண்டுவருவது கவிஞரால் ஆகும்.

நமக்கு அதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. சிலப்பதிகாரத்தின் தீயை நாம் பேரழிவாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் கண்ணகி அந்தத் தீயை ஏவும்போது அதற்கு எல்லை வகுக்கிறாள். அறவோரையும் ஆவையும் பத்தினிப் பெண்டிரையும் மூத்தோரையும் குழந்தைகளையும் விலக்கிவிட்டுச் செல் என்று ஆணையிடுகிறாள். தலையில் சினம் கொதிக்கும் வேளையிலும் இளங்கோ அவள் வாயில் வைத்தது அளவு. யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்று தீக்குச் சொல்ல முடியும் என்பதைக் காப்பியம் கற்பனையாகக் கண்டது. மானையும் மரத்தையும் விட்டுச் சருகை மட்டும் எடுத்துக்கொள் என்று தீக்குச் சொல்லத் தெரிந்தவர்கள், நம் மொழியின் எல்லையோர மலைகளில், உண்மையாகவே வாழ்ந்தார்கள். அவர்களுள் சிலர் இன்னும் வாழ்கிறார்கள்.

நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் வெளியிடும் நூல்களில் ஒன்றாவது, மலைமக்கள் தீக்கும் புல்லுக்கும் சருகுக்கும் பருவத்திற்கும் வழங்கும் சொற்களின் தொகுப்பாக அமைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலைக்குச் சென்று, அவர்கள் இசைவோடு, அவர்கள் பெயரால் தொகுக்க வேண்டும். அது பெரிய செலவு பிடிக்கும் பணி அன்று. பொறுமை பிடிக்கும் பணி.